நேரம் பார்த்தவர்: செல்வி சாராள்

ஐயா,

நாற்பத்தாறு மணி நேரம் பத்து நிமிடம். பத்திரிகையில் ‘இரண்டு நாள்’ என்று போட்டிருக்கிறார்கள். பத்திரிகைக்காரர்களுக்குச் சில்லறை எண்கள் பிடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபத்திரண்டுக்குப் படகைத் தள்ளினார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஏழு முப்பத்திரண்டுக்குப் பாலாற்று முகத்துவாரத்தில் ஒரு பலகையோடு கேசவனைக் கண்டெடுத்தார்கள். முதல் நேரம் நான் பார்த்தது. இரண்டாவது, உங்கள் காவலர் குறிப்பேட்டில் இருப்பது. கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று நீங்கள் கேட்ட பல கேள்விகளுக்கு நான் தலையை மட்டும் ஆட்டினேன். அது திமிர் அல்ல. நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் குரல் வராது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். “எழுதியாவது குடும்மா” என்று காகிதத்தை என் பக்கம் தள்ளினீர்கள். அது எனக்கு வசதி. கேட்டதற்குப் பதில் சொல்வேன், கேட்காததைச் சொல்ல மாட்டேன் என்பது என் பழக்கம். இந்த ஒரு முறை கேட்காததையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் அப்பா மோசஸ் செங்கல்பட்டு ரயில் பாதையில் கேங்மேன். எங்கள் வீட்டில் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். பௌதிகத்தில் பட்டம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஆனைப்பாறைக்குப்பத்து வானிலைக் கொட்டகையில் வேலை. ஒரு மழைமானி, ஒரு காற்றழுத்தமானி, ஒரு கொடிமரம், ஒரு நாற்காலி. காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் அளவுகளை எழுத வேண்டும். புயல் எச்சரிக்கைத் தந்தி வந்தால் கொடிமரத்தில் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும். வாயைத் திறக்க அவசியமே இல்லாத உத்தியோகம். எனக்காகவே உண்டாக்கியதுபோல் இருக்கும்.

சம்பத் சாரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மாவட்டத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். செங்கல்பட்டில் ஒரு டுட்டோரியலில் சரித்திரம் நடத்தினார். அறிவுச்சுடர் மன்றத்தின் நிறுவனர், தலைவர், பொது அறிவுப் போட்டிகளில் அணித்தலைவர். மன்றத்தின் மற்ற உறுப்பினர்கள் மூன்று பேர். சைக்கிள் கடை வைத்திருக்கும் கேசவன். மௌத் ஆர்கன் வாசிப்பார். கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவோடு பாடும் கல்யாணி. அப்புறம் நான்.

எங்கள் வட்டாரத்துப் போட்டிகளில் மூன்று சுற்று. போர், புயல், பாட்டு. போர் நடுவர்களுக்குப் பிடிக்கும். புயல், தனுஷ்கோடிக்குப் பிறகு எல்லோருக்கும் பிடிக்கும். பாட்டு இல்லாவிட்டால் கூட்டம் வராது. மேசை மேல் ஒரு பித்தளை மணி இருக்கும். முதலில் அடிப்பவருக்கே பதில் சொல்லும் உரிமை. அடித்த பிறகு முப்பது விநாடி.

நான் ஒரே ஒரு முறை மணி அடித்திருக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன். ‘1752-இல் செங்கல்பட்டுக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தவர் யார்?’ கோட்டைச் சுவர் ஓரமாக மாடு மேய்ப்பவருக்குக்கூடத் தெரியும். மணியை அடித்துவிட்டு எழுந்து நின்றேன். முப்பது விநாடியும் நின்றேன். வாய் திறந்திருந்தது என்று கல்யாணி பிறகு சொன்னாள். முன் வரிசையில் ஒருவர், “பொண்ணு கிளைவையே நேர்ல பாத்துட்ட மாதிரி நிக்கிதுப்பா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சம்பத் சார் என் பக்கத்திலிருந்து எழுந்து “ராபர்ட் கிளைவ்” என்றார். கைதட்டல்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு முறை ஏற்பட்டது. நான் மேடைக்கு ஓரமாக, நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு உட்காருவேன். பதிலைச் சின்னத் துண்டுச் சீட்டில் எழுதி மேசைக்கு அடியில் நீட்டுவேன். அவர் மணி அடித்து, கூரையைப் பார்த்து யோசித்து, நெற்றியைத் தடவி, இருபத்தைந்தாவது விநாடியில் சொல்வார். அந்த யோசனை மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு. நான்கு வருடத்தில் பதினேழு கோப்பைகள். எல்லாம் அவர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. நான் போய்ப் பார்த்திருக்கிறேன். பளபளவென்று வைத்திருந்தார்.

“பதில் தெரியறது பெருசில்ல, சாரா. சொல்றதுதான் பெருசு” என்பார். நான் அதை மறுத்ததில்லை. யாரும் என் கருத்தைக் கேட்கவில்லை.

கேள்விகளையும் நான்தான் சேர்த்தேன். கொட்டகையில் இரண்டு அளவுகளுக்கு நடுவே ஒன்பது மணி நேரம் சும்மா இருக்கும். எந்தச் சண்டையில் எந்தத் தளபதி, எந்தப் புயலில் எத்தனை மில்லிபார், எந்தப் பாட்டின் முன்னிசையில் எந்த வாத்தியம். பாட்டுக்குக் கல்யாணி உதவினாள். வீட்டு டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிடுவாள். ஆறு நோட்டுப் புத்தகம். ஆயிரத்து நூற்று இருபத்தைந்து கேள்விகள்.

போன ஆவணியில் சென்னையிலிருந்து வரும் ஒரு வார இதழில் விளம்பரம் பார்த்தேன். வாராவாரம் பொது அறிவுப் பக்கம் தயாரிக்க ஆள் தேவை. முன்பே ஒரு தொகுப்பு அச்சாகியிருந்தால் நல்லது. பேசத் தேவையில்லை, எழுதினால் போதும். இப்படி ஒரு வேலை உலகத்தில் இரண்டாவது முறை வராது என்று எனக்குத் தெரியும். விளம்பரத்தைக் கத்தரித்து, ஆறு நோட்டுகளோடு சம்பத் சாரிடம் கொடுத்தேன். அவருக்கு அச்சகத்தில் பழக்கம் உண்டு. பெரிய மனசோடு வாங்கிக்கொண்டார்.

ஐப்பசியில் புத்தகம் வந்தது. நன்றாகவே அச்சிட்டிருந்தார்கள். ‘1,126 கேள்விகள். தொகுப்பாசிரியர்: அறிவுச்செம்மல் சம்பத்.’ ஒரு கேள்வி அவரே சேர்த்திருந்தார். எண் 611. புயலின் எந்தப் பகுதியில் காற்று மிக வேகமாக வீசும்? பதில்: கண். தவறு. கண்ணில் காற்று அடங்கிவிடும். அவர் சொந்தமாகச் சேர்த்தது அந்த ஒன்றுதான் என்பதால் அதை நான் திருத்தவில்லை.

நன்றியுரை நான்கு பக்கம். அவருடைய தாயார், அச்சக முதலாளி, டுட்டோரியல் மாணவர்கள், அட்டைக்குக் கோந்து தடவியவர். கடைசி வரி: ‘நேரம் பார்த்தவர்: செல்வி சாராள்.’ பெயரில் எழுத்துப் பிழை இல்லை.

நான் ஒரு சீட்டில் எழுதிக் கேட்டேன், என் பெயரும் அட்டையில் வரலாமா என்று. படித்துவிட்டுச் சிரித்தார். “ஏம்மா, நாளைக்கு இண்டர்வியூன்னு கூப்பிட்டா நீ இன்னா பண்ணுவே? அவனுங்க மூஞ்சியப் பாத்துகினு நிப்பியா? நான் போறேன். நீ பின்னாடி இருந்து எழுதிக் குடு. நம்ம ரெண்டு பேருக்கும் அதான் பழக்கம்” என்றார். விண்ணப்பம் அனுப்பிவிட்டிருந்தார். திங்கட்கிழமை அவரை நேரில் வரச் சொல்லிக் கடிதமும் வந்திருந்தது.

நான் கோபப்படவில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, புத்தக வெளியீடு. மண்டபத்தில் வெளியிட்டால் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே கடலில், 1782-இல் ஆங்கிலேயக் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதிய இடத்தில் வெளியிடுவது என்று முடிவு செய்தார். கரையிலிருந்து எத்தனை தூரம் என்று கேட்டார். சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. கேள்வி எண் 88.

குப்பத்து ஆட்கள் படகு தர மறுத்துவிட்டார்கள். இரண்டு நாளாக நீரோட்டம் சரியில்லை என்று கட்டுமரங்களை மேட்டில் ஏற்றியிருந்தார்கள். சம்பத் சார் இதை அறியாமை என்றார். பக்கிங்காம் கால்வாயில் விறகு ஏற்றும் சின்னையனைப் பிடித்தார். சின்னையன் அப்பாவுக்குத் தெரிந்தவர். கால்வாயில் பிறந்து கால்வாயிலேயே வளர்ந்தவர். அவருடைய படகு அடி தட்டையானது. முகத்துவாரம் தாண்டி அது போனதில்லை. அவரும் போனதில்லை.

வெள்ளிக்கிழமை சம்பத் சார் கொட்டகைக்கு வந்தார். போர்க்கப்பல் என்றால் கொடி வேண்டும் என்றார். மூலையில் மடித்து வைத்திருந்த சிவப்புக் கொடியைப் பார்த்தார். “இத்த எடுத்துக்கினு போவட்டா? திங்கக்கிழமை குடுத்துடறேன்.” கேட்டார், கொடுத்தேன். ஆகவே சனிக்கிழமை கொடிமரம் ஏன் வெறுமையாக இருந்தது என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். கொடி படகில் இருந்தது. முன்முனையில் கட்டியிருந்தார். புயல் எச்சரிக்கைக் கொடியைத் தானே கட்டிக்கொண்டு புயலுக்குள் போன படகு சரித்திரத்தில் வேறு உண்டா தெரியவில்லை. என் நோட்டில் இல்லை.

தந்தி வந்ததா என்று கேட்டீர்கள். பதிவேட்டைப் பாருங்கள் என்று கை காட்டினேன். பதிவேட்டில் இல்லை. அது உண்மை. தந்தி வந்ததும் உண்மை. சனிக்கிழமை மாலை நான்கு பத்து. வாங்கியதற்குத் தந்தி அலுவலகத்தில் என் கையெழுத்து இருக்கும். அங்கே போய்ப் பார்க்க உங்களுக்குத் தோன்றவில்லை. தந்தி வந்ததா என்று சனிக்கிழமை யாரும் என்னைக் கேட்கவில்லை. அதை அந்தப் புத்தகத்தின் என் பிரதியில், 88-ஆம் கேள்விப் பக்கத்தில் வைத்தேன். இத்துடன் இணைத்திருக்கிறேன்.

தந்தி இல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். மாலை ஐந்தரைக்கு அழுத்தம் 1004 மில்லிபார். மறுநாள் காலை எட்டரைக்கு 997. சாதாரண நாளில் காலையில் அழுத்தம் ஏறும். ஏற வேண்டிய நேரத்தில் ஏழு இறங்கியிருந்தது. இதற்குப் பட்டம்கூட வேண்டியதில்லை. பென்சிலால் அழகாக எழுதிவிட்டு, கருவிக் கூண்டைப் பூட்டிவிட்டு, குப்பத்து முகத்துவாரத்துக்கு நடந்தேன். நேரம் பார்க்க ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

கரையில் ஒரு கூட்டம். அறிவுக்கு அல்ல, வேடிக்கைக்கு. வேண்டா என்ற மீன்காரி கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் குந்தியிருந்தாள். மீன் இல்லாத நாளில் அவளுக்கு வாய் அதிகம்.

“இன்னா நைனா, விறகுக் கட்டையிலயே கடலுக்குப் போறீங்களா? அங்கியே கொளுத்திக்கலாம்னா?”

“வாய மூடு ஆயா, இது சரித்திரம்,” என்றார் கேசவன்.

“இன்னா எழவோ. எங்க வூட்டு ஆம்பளங்க மூணு பேரும் வலையப் பாத்துகினு குந்திகினு கீறாங்க. உங்களுக்குத்தான் கடலாண்ட அவசர ஜோலி.”

சம்பத் சார் கோட் போட்டிருந்தார். ஐம்பது பிரதிகளை மஞ்சள் துணியில் கட்டிப் படகில் வைத்தார். கேசவன் மௌத் ஆர்கனில் ராணுவ நடைபோல் ஏதோ வாசித்தார். கல்யாணி கடலில் பாடுவதற்கு மூன்று பாட்டு தேர்ந்தெடுத்திருந்தாள். காற்று மூன்றுக்கும் சுருதி சேர்க்கும் என்றாள். படகில் நால்வருக்குத்தான் இடம். அவள் பலகையில் நகர்ந்து உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள்.

“வா சாரா. நீ ஒல்லிதானே, என் மடியில குந்திக்கோ. நீ எழுதுன புஸ்தகம், நீ இல்லாம இன்னா வெளியீடு?”

இதை அவள் சம்பத் சாருக்குக் கேட்கும்படியே சொன்னாள். நான் கடிகாரத்தைக் காட்டித் தலையை ஆட்டினேன். கல்யாணியை மட்டும் இறங்கச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் ஏன் என்று கேட்பாள். காரணம் சொன்னால் படகே போகாது. பௌதிகத்தில் இதைப் பிரிக்க முடியாத அமைப்பு என்று சொல்லலாம்.

மேகம், கடல், ஏற்றிவைத்த கட்டுமரங்கள் எல்லாம் அவர்கள் கண்ணெதிரில்தான் இருந்தன. சம்பத் சாருக்குப் புயல்களின் ஆண்டுகள் அனைத்தும் மனப்பாடம். வானத்தை அண்ணாந்து பார்ப்பது பாடத்திட்டத்தில் இல்லை. நான் நேரம் பார்க்க நியமிக்கப்பட்டவள். வானிலை பற்றி அங்கே யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒன்பது இருபத்திரண்டுக்குக் கிளம்பினார்கள்.

பதினோரு மணிக்கு மழை. ஒரு மணிக்குக் கொட்டகைக் கூரையில் பாதி போனது. அழுத்தம் விழ விழ நான் குறித்துக்கொண்டே இருந்தேன். அந்தத் தாள்கள் நேர்த்தியாக இருப்பதை நீங்களே பாராட்டினீர்கள். நான்கு மணி சுமாருக்குக் காற்று திடீரென்று நின்றது. பதினெட்டு நிமிடம் இலை அசையவில்லை. கண் எங்கள் மேலாகக் கடந்தது. கேள்வி எண் 611 நினைவுக்கு வந்தது. அப்போது படகு மிதந்துகொண்டிருந்திருந்தால், சம்பத் சாருக்கும் அச்சுப்பிழை புரிந்திருக்கும்.

அவரைத் திங்கட்கிழமை நெம்மேலிப் பக்கம் கண்டெடுத்தீர்கள். அவர் போட்டிருந்த கோட்டை வைத்து அடையாளம் சொன்னேன். சின்னையனை அவருடைய படகுக்கு அடியில். கல்யாணி இன்னும் கிடைக்கவில்லை. அவளுடைய டிரான்சிஸ்டர் என்னிடம் இருக்கிறது. பாட்டரி தீரவில்லை. அவள் அம்மா கேட்டால் கொடுத்துவிடுகிறேன்.

வார இதழில் அந்த இடம் காலியாகவே இருப்பதாகத் தெரிகிறது. புதன்கிழமை நான் விண்ணப்பித்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடைசித் தேதியை வியாழன் வரை நீட்டியிருந்ததால் அனுப்பினேன்.

கேசவன் நேற்று மாலை கண் திறந்ததாக ஆஸ்பத்திரியிலிருந்து வந்த காவலர் சொன்னார். இன்னும் பேச்சு வரவில்லையாம். எப்படியும் இரண்டொரு நாளில் வந்துவிடும். அவருக்கு மறதி கிடையாது, பாட்டுச் சுற்றில் பார்த்திருக்கிறேன். கரையில் நின்றவர்களை நீங்கள் இன்னும் விசாரிக்கவில்லை, கேசவனை விசாரிப்பீர்கள். ஆகவே மணியை நானே முதலில் அடித்துவிடுகிறேன்.

மேலே படித்துப் பார்த்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். முதல் இரண்டும் சரி. மூன்றாவதைத் திருத்த வேண்டும்.

கேட்டது சின்னையன். ஒன்பது இருபதுக்குத் துடுப்பைத் தண்ணீரில் வைத்தவர், எடுத்துவிட்டார்.

“இன்னாமோ மாரி கீது தண்ணி. அடியில இழுக்குது. நான் வாய்க்கால்காரன், எனக்கு இது புரியல சாமி. தோ, மோசஸ் அண்ணாத்த பொண்ணு நிக்கிது பாரு. கண்ணாடிப் பொட்டி பாக்குற பொண்ணு. அத்தக் கேளுங்க. அது சொன்னா தள்றேன். இல்லாங்காட்டி வூட்டுக்குப் போறேன்.”

சம்பத் சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. படகில் எழுந்து நின்று, மேடையில் நிற்பதுபோலக் கையை விரித்தார்.

“அப்படிப் போடு! சிறப்புக் கேள்வி, நம்ம சாராளுக்கு. இன்னைக்குப் புயல் வருமா, வராதா? முப்பது செகண்ட். எல்லாரும் நல்லா பாருங்க, வாய் தெறக்குதான்னு.”

கூட்டம் சிரித்தது. வேண்டா சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தாள். சின்னையனும் பார்த்தார். கல்யாணி உதட்டை அசைத்து, “சொல்லு, சொல்லு” என்றாள். பழக்கத்தால் கடிகாரத்தை அமுக்கினேன்.

நான்கு விநாடிதான் ஆனது. குரல் வந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. உரக்க, தெளிவாக, ஓர் எழுத்துகூட விழாமல் வந்தது. கரை முழுக்கக் கேட்டிருக்கும். சம்பத் சார் விரித்த கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கல்யாணி எழுந்து நின்று, படகு ஆட ஆட, எனக்காகக் கைதட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். சின்னையன் முண்டாசை இறுக்கிக் கட்டிக்கொண்டு படகைத் தள்ளினார்.

நான் சொன்னது இதுதான், ஐயா:

“வராது. தைரியமா போங்க.”